கண்ணை மூடிச் சொன்ன கோள்

எங்கள் வீட்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கோரைப் பாயைச் சுருட்டி வைத்திருக்கிறோம். சிவப்புக் கரை போட்ட பாய். விரித்துப் பார்த்தால் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கோரையே இருக்காது, வெறும் நூல்தான் இருக்கும். எலி கடித்தது இல்லை. என் மகன் பிய்த்தது. என் அக்கா ஜெபம் பண்ணிய சனிக்கிழமைகளில், முழங்காலில் நின்று கண்ணை மூடியபடி, ஒரு கையால் ஒவ்வொரு கோரையாக உருவி உருவி அந்த மூலையை அவன் மொட்டை அடித்தான். அக்காவின் ஜெபம் எவ்வளவு நீளம் என்று யாராவது கேட்டால் நான் அந்த ஓட்டையைக் காட்டினால் போதும். என் மனைவி புதுப் பாய் வாங்கிய பிறகும் இதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அக்காவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். பிள்ளைகள் வாசிக்கப் போகிற எழுத்து என்பதால் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கடலூர் செம்மண்டலத்தில் ஜன்னல் கிரில், இரும்பு கேட் செய்கிற பட்டறை வைத்திருந்தேன். இரும்பைக் காய்ச்சினால் வளையும். ஆறிவிட்டால் வளைத்த இடத்திலேயே நிற்கும். பிள்ளைகளும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். 2004-ஆம் வருஷம் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனாள், மகனுக்கு அப்போதுதான் பேச்சு திருந்தி வந்தது. அந்த வருஷம் ஒரு தீர்மானம் எடுத்தேன். என் வீடு ஆண்டவருக்குப் பயந்த, ஒழுங்குள்ள வீடாக இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரிப்போம். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், அப்புறம் ஆளுக்கு ஒரு ஜெபம். ஜெபத்தை யாரும் மனப்பாடமாகச் சொல்லக் கூடாது, சொந்த வார்த்தையில் பண்ண வேண்டும். சட்டங்கள் நிறைய இருந்தன. அவற்றில் இரண்டு பெரியவை. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும். கோள் சொல்லக் கூடாது. இரண்டாவது சட்டத்தை நான் சும்மா போடவில்லை. அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார் என்று பேசிப் பேசியே எங்கள் சபை ஒரு முறை இரண்டாக உடைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் என் வீட்டில் கோள் சொன்னால், சொன்னவருக்குத்தான் முதல் தண்டனை. தண்டனை என்றால் முழங்கால் போட வேண்டும். ஜெபத்துக்கும் அதே முழங்கால், அதே பாய். "முட்டி போடுடா" என்று நான் சொன்னால் மகன் என் முகத்தைப் பார்த்து, "ஜெபத்துக்காப்பா, தண்டனைக்கா?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்படி நான் கட்டி வைத்ததை வாராவாரம் வந்து அவிழ்த்துவிட்டுப் போனவள் அக்கா. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிதம்பரத்தில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதிக்கு வார்டனாக இருந்தாள். காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். சனிக்கிழமை பஸ் ஏறிக் கடலூருக்கு வருவாள், ராத்திரி தங்குவாள், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஆராதனைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவாள். அத்தனை பிள்ளைகளை ஒருத்தியாக மேய்க்கிறவள் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். விடுதியில் நோட்டீஸ் போர்டு கிடையாது. திட்டுவதும் கிடையாது. எல்லாம் ஜெபத்தில்தான். "ஆண்டவரே, பாத்ரூம் பக்கெட்டை உடைச்சுட்டு சுவத்துப் பக்கம் திருப்பி வெச்ச பிள்ளை யாருன்னு உமக்குத் தெரியும். நாளைக்குக் காலையில அவ என் ரூமுக்கு வர கிருபை செய்யும்." காலையில் அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வந்து நிற்குமாம். இதை அவளே பெருமையாகச் சொல்வாள்.

விடுதியோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன? அந்தப் பழக்கத்தை என் வீட்டுப் பாய்க்கும் கொண்டு வந்தாள். ஸ்தோத்திரத்தில் ஆரம்பிப்பாள். மழை, வெயில், முதலமைச்சர், விடுதி சமையற்காரம்மாவின் முழங்கால் வலி என்று ஊரைச் சுற்றிவிட்டு மெதுவாக எங்கள் வாசலுக்கு வருவாள். "ஆண்டவரே, என் தம்பி பட்டறையில வேலை செய்யிற பையனை நாயேன்னு கூப்பிட்டானாம். உம்முடைய சாயல்ல படைச்ச பையனை அவன் அப்படிக் கூப்பிடலாமா? கேளும் ஆண்டவரே." நான் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பேன். ஜெபத்தின் நடுவில் யாரும் பேசக் கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான். பக்கத்தில் என் மனைவியின் தோள் குலுங்கும். அவள் அழவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளைகளுக்கு இதைப் பிடித்துக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்? ஒரு சாயங்காலம் மகள் பயபக்தியோடு கைகளைக் குவித்து, "ஆண்டவரே, தம்பி எதிர்வீட்டு மாமா சைக்கிள் ட்யூப்ல காத்தைப் பிடுங்கி விட்டுட்டான், அவனை மன்னியும்" என்றாள். உடனே மகன் தன் முறை வரும்வரை காத்திராமல், "ஆண்டவரே, அக்கா சாதத்தைப் பூனைக்குப் போட்டுட்டுச் சாப்பிட்டேன்னு சொல்றா, அவளையும் மன்னியும், ஆமென்" என்றான். கண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேவதூதர்கள் மாதிரி நின்றன. கோள் சொன்னதற்கு எப்படித் தண்டிப்பது? என்னிடம் சொல்லவில்லையே, ஆண்டவரிடம்தானே சொன்னார்கள்?

நானும் விடுகிற ஆள் இல்லை. ஜெபத்தில் பெயர் சொல்லக் கூடாது என்று அடுத்த நாள் புதுச் சட்டம் போட்டேன். மகள் அன்றைக்கே, "ஆண்டவரே, செம்மண்டலத்துல ஒரு வீட்டுல ஒரு பையன் இருக்கான்" என்று ஆரம்பித்தாள். சரி, மற்றவர்களைப் பற்றி வேண்டுதலே வேண்டாம், ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்கள் என்றேன். "ஒரு பையன் என் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கான், அதை இன்னும் உடைக்காம இருக்கிறதுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே." எங்கள் சபைப் போதகரிடம் போய் முறையிட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "என் வீட்டுலயும் இதே கதைதாங்க. மாமியாரும் மருமகளும் பண்றாங்க, இவுங்க பிள்ளைங்கதானே" என்றார். சட்டம் போட்டுப் போட்டு நான்தான் களைத்தேன். அக்காவிடம் கேட்டால் ஒரே பதில்தான்.

"ஜெபத்துல நான் பொய்யாடா சொல்றேன்?"

"பொய் இல்லக்கா. ஆனா அது கோளு."

"கோளுன்னா ஒருத்தருக்குத் தெரியாததைப் போய்ச் சொல்றது. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சவர்கிட்ட சொல்றது எப்படிடா கோளாகும்?"

எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நான் பட்டறைக்குக் கிளம்பிப் போனேன்.

இப்படியே சில வருஷம் ஓடியது. 2010-இல் பட்டறையை விரிவுபடுத்தினேன். அதற்கு ஸ்தோத்திர ஜெபம் வைத்து, போதகரையும் சபையாரையும் அக்கம்பக்கத்தாரையும் வீட்டுக்கு அழைத்திருந்தேன். ஒரு ஜெபம் பண்ணும்படி போதகர் அக்காவைக் கேட்டார்.  அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஆண்டவரே, இந்த வீட்டுத் தலைவன் பிள்ளைங்களைத் திருத்துறேன்னு தினமும் கத்துறான். ஜாஸ்தியா கத்துறான். அந்தச் சத்தத்துல நீர் பேசுறது பிள்ளைங்களுக்குக் கேக்கல. அவன் வாயைக் கொஞ்சம் கட்டும்." கூட்டத்தில் முதலில் "ஆமென்" சொன்னவர் போதகர்.

எல்லோரும் கேசரி சாப்பிட்டுவிட்டுக் கலைந்த பிறகு நான் அக்காவின் முன்னால் போய் நின்றேன். "இனிமே இந்த வீட்டுல ஜெபம் நான்தான் பண்ணுவேன். நீ வா, சாப்பிடு, பிள்ளைங்களைப் பாரு. பாயில உக்காந்தா மட்டும் வாயைத் தொறக்காத."

"வாயைத் தொறக்காம எப்படிடா சாப்பிடறது?" என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. "நீங்க போயி ஒரு வார்த்தை கூப்பிடுங்க, அண்ணி வந்துடுவாங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஏழு மணிக்குப் பாய் விரித்தால் காபி ஆறுவதற்குள் சுருட்டிவிடுவோம். நான் ஜெபிப்பேன். பிள்ளைகள் ஆமென் சொல்வார்கள். கோள் இல்லை, சண்டை இல்லை. கடைசியில் வீடு நான் நினைத்த ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நம்பினேன். பாயின் மூலையில் ஓட்டையும் வளரவில்லை.

இப்படிச் சில மாதம் போன பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் மகனின் டியூஷன் வாத்தியாரைப் பார்த்தேன். "பையனுக்கு உடம்பு சரியில்லையா? சனிக்கிழமை கிளாசுக்கு ஆளே காணோமே" என்றார். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு டியூஷன் போகிறேன் என்று என் எதிரில்தான் அவன் கிளம்பிப் போனான். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். விளையாட்டு மைதானத்தில் இல்லை. கெடிலம் ஆற்றுப் பாலத்துப் பக்கம் தேடினேன், இல்லை. அப்புறம் சைக்கிளைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு விட்டேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் பிள்ளையைத் தேடி அந்தக் கடற்கரைக்குச் சும்மா போனதில்லை. மணலில் கிடந்த ஒவ்வொரு செருப்பையும் நின்று பார்த்தேன். அவனுடையது இல்லை என்று தெரிந்ததும் அடுத்த செருப்புக்கு நடந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது உச்சிவெயில் தாண்டிவிட்டது. மனைவி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மகள் கதவோரம் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே இவளுக்குத் தெரியும் என்று புரிந்துவிட்டது.

"தம்பி எங்கடி?"

"எனக்குத் தெரியும்ப்பா. ஆனா சொல்ல மாட்டேன்."

"என்னாது?"

"சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்கு குடுத்திருக்கேன். வாக்கு குடுத்தா காப்பாத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க? கோள் சொன்னா சொன்னவங்களுக்குத்தான் மொதல்ல தண்டனைன்னும் நீங்கதானே சொன்னீங்க?"  உதட்டை இறுக்கிக்கொண்டாள். காய்ச்சி வளைத்த இரும்பு ஆறி நிற்பது மாதிரி நின்றாள். நான் கையை ஓங்கினேன்.

கை இறங்கவில்லை. ஏனென்றால் என் மனைவி எழுந்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாயை உதறி விரித்தாள். என் எதிரில் குரலை உயர்த்திப் பேசாதவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முட்டி போடுங்க, ரெண்டு பேரும்" என்றாள்.

"பிள்ளையைக் காணோம், இதுவாடி ஜெபம் பண்ற நேரம்?"

"போடுங்கன்னு சொல்றேன்ல?"

போட்டேன். மகளும் போட்டாள்.  அப்புறம் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தாள். "ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். செம்மண்டலத்துல ஒரு வீட்டுல ஒரு பையன் இருக்கான். அவன் டியூஷன் போறேன்னு சொல்லிட்டு சிதம்பரம் பஸ் ஏறிப் போறான். அங்க ஒரு ஹாஸ்டல்ல அவனோட அத்தை இருக்காங்க..."

"எத்தனை மணி பஸ்ஸுடி?" என்று எழப் போனேன். மனைவியின் கை என் தோளை அழுத்தியது. "ஜெபம் முடியட்டும்" என்றாள். மகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவசரமாக முடிக்க வேண்டிய ஜெபத்தை அவள் நிதானமாக நீட்டினாள். அந்தப் பையன் கணக்குப் பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டான், அதை வீட்டில் சொல்லப் பயப்படுகிறான், டியூஷன் வாத்தியார் வீட்டில் சொல்லிவிடுவார் என்று அங்கேயும் போவதில்லை, அத்தை இங்கே வருவதில்லை என்று அவனே போகிறான், அவன் பத்திரமாக வர வேண்டும், வந்ததும் அவனுடைய அப்பா அவனை அடிக்கக் கூடாது, அந்தப் பையனின் அக்காவையும் அடிக்கக் கூடாது. அத்தனையும் சொன்ன பிறகுதான் ஆமென் வந்தது. என் வாழ்க்கையில் ஒரு ஜெபத்தை ஒரு வார்த்தை விடாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

விடுதிக்கு ஃபோன் அடித்தோம், லைன் செத்துக் கிடந்தது. பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை அக்காவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது விடுதிக் கூடத்தில் சாயங்கால ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாகப் பெண்பிள்ளைகள். முன்வரிசையில் அத்தனை ரெட்டை ஜடைக்கும் நடுவில் என் மகனின் கிராப்புத் தலை. உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது. உள்ளே கால் வைத்தேன். அக்கா கண்ணைத் திறந்தாளோ, என் மூச்சுச் சத்தத்திலேயே கண்டுகொண்டாளோ, தெரியாது. ஜெபத்தின் வழியை அப்படியே என் பக்கம் திருப்பினாள்.

"ஆண்டவரே, வாசல்ல என் தம்பி வந்து நிக்கிறான். செருப்பைக்கூடக் கழட்டாம நிக்கிறான். அதைக் கழட்டச் சொல்லும். அப்படியே கோபத்தையும் வெளியிலயே விட்டுட்டு வரச் சொல்லும்."

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நான் செருப்பைக் கழற்றினேன். வேறென்ன செய்வது?

ஆமென் சொல்லிக் கூட்டம் கலைந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஊர்க்கதை எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட சொல்றவ, பையன் வர்றதை மட்டும் என்கிட்ட ஏன் சொல்லல? நான் கடற்கரையில செருப்பு செருப்பா பார்த்துக்கிட்டு இருந்தேன், தெரியுமா உனக்கு?"

அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. "சொன்னேனே. காலையிலயும் சாயந்திரமும் சொன்னேன். நீ கேக்குற எடத்துல சொல்லக் கூடாதுன்னு வெச்சது யாரு? ஒவ்வொரு தடவையும் சோறு போட்டு, கண்டக்டர்கிட்ட ஒப்படைச்சு அனுப்பினேன். அப்பாகிட்ட சொல்லுடான்னு சொல்லிச் சொல்லித்தான் அனுப்பினேன். இன்னைக்கு அனுப்பல. அப்பன் வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்னு உக்கார வெச்சிருக்கேன்."

"இங்க வந்து என்னதான் பண்றான்?"

"உன் வீட்டுப் பாயில பேச முடியலையாம். இங்க பொம்பளைப் பிள்ளைங்க நடுவுல முட்டி போட்டு, கணக்குல ஃபெயிலானதைச் சொல்லி ஜெபம் பண்ணிட்டுப் போறான். பிள்ளைங்க ஆமென் சொல்லுதுங்க. அதுக்குத்தான் வர்றான்."

அவள் செய்தது தப்பு. பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் வந்தால் அன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். இதை நான் அவள் கண்ணை மூடும்வரை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. பிள்ளைகளே, நீங்களும் வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறக் கூடாது, அது ஹாஸ்டலுக்குப் போகிற பஸ்ஸாக இருந்தாலும் சரி. ஆனால் பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. என் வீட்டில் நான் குறுக்கே பேசாமல் இருந்த இடம் அந்தப் பாய் ஒன்றுதான். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கோள் என்று நான் பெயர் வைத்ததில் பாதி, என்னிடம் சொல்ல முடியாமல் அவர்கள் ஆண்டவரிடம் சொன்னது. என் சட்டங்கள் தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். ஒரு ஜன்னலுக்குக் கிரில் வேண்டும்தான். திறக்கக் கதவும் வேண்டும் என்பது கிரில் செய்கிறவனுக்கே மறந்து போனது.

திரும்பி வருகிற பஸ்ஸில் மகன் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டான். "வீட்டுக்குப் போனதும் முட்டி போடணுமாப்பா?"

"போடணும்."

"ஜெபத்துக்கா, தண்டனைக்கா?"

"ரெண்டுக்கும்."

தோளிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்ப அடுத்த வாரம் அத்தையும் வரட்டும். அவுங்களும் போடணும்ல?"

அடுத்த சனிக்கிழமை அக்கா துணிப்பையோடு வந்து இறங்கினாள். நான் கூப்பிடவில்லை, மகன் கூப்பிட்டிருந்தான். அன்றைக்கு அவள் பண்ணிய ஜெபம் விட்டுப் போன மாதங்களையெல்லாம் சேர்த்துப் பண்ணிய ஜெபம். குழம்பு ஆறிப் போனது. 2012-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சனிக்கிழமைத் தொந்தரவு தினசரித் தொந்தரவானது. மகள் பத்தாவது பரீட்சைக்கு உட்கார்ந்தது, மகன் கணக்கில் ஒரு வழியாகத் தேறியது, நான் பட்டறைப் பையனை மறுபடியும் நாயே என்று கூப்பிட்டது, எல்லாம் ஊருக்கு அவள் ஜெபத்தின் வழியாகத்தான் தெரிய வந்தன.

இப்போது அக்கா இல்லை. பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். ஏழு மணிக்கு நானும் மனைவியும் மட்டும்தான். புதுப் பாய் வழுக்குகிறது, முழங்காலுக்கு ஆகவில்லை. அதனால் நேற்று பீரோவுக்குப் பின்னாலிருந்த பழைய பாயை எடுத்து உதறி விரித்தேன். ஜெபத்தைச் சின்னதாக முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எங்கே போய் எங்கே வந்தேனோ தெரியவில்லை, "ஆண்டவரே, இவ சக்கரை மாத்திரையைப் போட்டுட்டேன்னு சொல்றா. பூந்தொட்டியில போடறா. உமக்குத் தெரியும்" என்று என் வாயிலிருந்தே வந்தது.

பக்கத்தில் தோள் குலுங்கியது. "ஆமென்" என்றாள் மனைவி. "அண்ணி போயிட்டாங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கண்ணைத் திறந்தேன். நான் முழங்கால் போட்டிருந்தது மகனின் மூலையில். என் விரல்களுக்கு நடுவில் ஒரு கோரை உருவி வந்திருந்தது.